ஜாக்கி வைப்பதற்கு முன்னால்

"அக்கா, எத்தனை டன் ஜாக்கி வாங்கட்டும்?"

பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். பிள்ளைகளுக்கு வசந்த விடுமுறை வருகிறது. டல்லாஸிலிருந்து பிக் பெண்ட் வரை இழுத்துக்கொண்டு போக ஆசை. அதற்கு முன்னால் நான்கு சக்கரத்தையும் கழற்றி, பேரிங்கைப் பார்த்து, புது கிரீஸ் வைத்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ட்ரெய்லர் என்றாலே மெத்தை, அடுப்பு, ஏசி என்று உள்ளே இருப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அத்தனையையும் தாங்கிக்கொண்டு மணிக்கு 65 மைலில் ஓடுவது உள்ளங்கையில் அடங்குகிற எட்டே எட்டு பேரிங்குகள். அவற்றை நினைத்துப் பார்க்கிற ஆளுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

"ஜாக்கி இருக்கட்டும் தம்பி. சக்கரம் தரையை விட்டு எழும்பினதும் வண்டி உருளாம எது பிடிச்சுக்கிட்டு இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஹேண்ட் பிரேக் போட்டா போதாதாக்கா?"

போனில் சொன்னது போதாது என்று தோன்றியது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்க ட்ராவல் ட்ரெய்லரில் ஹேண்ட் பிரேக் என்று ஒன்று கிடையாது. ஐரோப்பா, ஆஸ்திரேலியா பக்கத்து கேரவன்களில் முன்பக்கம் ஒரு லிவர் இருக்கும். இழுத்துவிட்டால் சக்கரம் பிடித்துக்கொள்ளும். இங்கே அது இல்லை. நம் ட்ரெய்லர் சக்கரங்களில் இருப்பது மின்சார பிரேக். இழுக்கிற வண்டியில் நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது ஒயர் வழியே கரண்ட் வந்து, டிரம்முக்குள் இருக்கும் காந்தம் பிடிக்கும். கரண்ட் நின்றால் பிடியும் நின்றுவிடும். மெல்லிய கம்பி கட்டிய ஒரு பிரேக்அவே ஸ்விட்ச் இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். அது ஓடும்போது ட்ரெய்லர் கழன்றுவிட்டால் உயிர் காப்பதற்காக வைத்தது. சட்டமே அது 15 நிமிடம் பிடித்து நின்றால் போதும் என்கிறது. பேட்டரி இறங்க இறங்க அதன் பிடியும் இறங்கும். அதை நம்பி அடியில் கையை விட முடியாது.

ஆக, கொக்கியிலிருந்து கழற்றி வாசலில் நிறுத்திய ட்ரெய்லரை எது பிடித்து வைத்திருக்கிறது? டயருக்கு அடியில் நீங்கள் கொடுத்த கட்டை மட்டும்தான். இப்போது அதில் ஒரு பக்கத்தைத் தூக்கப் போகிறீர்கள். அந்தப் பக்கத்து இரண்டு டயரும் தரையை விட்டுவிடும். மிச்சம் இருப்பது எதிர்ப்பக்கத்து இரண்டு டயர், மூக்குப் பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் ஒற்றைக் கால் ஜாக்கி, நீங்கள் வைத்த ஜாக்கி. வண்டி நாலு அங்குலம் முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் போதும். அந்த ஒற்றைக் கால் சாயும், உங்கள் ஜாக்கியும் கூடவே சாயும். இத்தனைக்கும் அந்த ஜாக்கி எத்தனை டன் தாங்கும் என்ற கேள்விக்கு இங்கே வேலையே இல்லை. ஆறு டன் ஜாக்கியும் சாய்ந்தால் சாய்ந்ததுதான்.

ஊரில் நெடுஞ்சாலை ஓரம் லாரி பஞ்சராகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளீனர் இறங்கியதும் முதலில் கட்டையையோ கல்லையோ எடுத்து மற்ற சக்கரத்துக்கு அண்டக் கொடுப்பார். ஜாக்கியும் ஸ்பேனரும் அதற்குப் பிறகுதான் வெளியே வரும். அந்த வரிசையை யாரும் அவருக்குப் புத்தகம் வைத்துச் சொல்லித்தரவில்லை. இங்கே யூட்யூப் பார்த்துப் பழகும் நமக்கு அந்த வரிசைதான் தவறிப்போகிறது, ஏனென்றால் வீடியோ ஜாக்கியைக் காட்டும்போதுதான் ஆரம்பிக்கிறது.

என் வழக்கம் இது. ட்ரெய்லரை இழுக்கும் பிக்கப்பிலிருந்து கழற்றவே மாட்டேன். பிக்கப் சமதளத்தில் நிற்க வேண்டும், கியர் பார்க்கில், பார்க்கிங் பிரேக் இறுக்கமாக, அதன் சக்கரத்துக்கும் கட்டை. எடையைப் பங்கு போடும் ஸ்பிரிங் கம்பிகள் ஹிட்ச்சில் இருந்தால் அவற்றைக் கழற்றி வைத்துவிடுவேன். முறுக்கேறி நிற்கும் இரும்பு பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடிக்காது. பிறகு, தூக்காத பக்கத்து இரண்டு டயருக்கும் முன்னும் பின்னும் கனமான ரப்பர் கட்டைகள், காலால் உதைத்து இறுக்கி. இரண்டு டயருக்கும் நடுவே திருகி வைக்கும் எக்ஸ் வடிவக் கட்டை பலரிடம் இருக்கும். முகாமில் வண்டி ஆடாமல் இருக்க அது அருமையான பொருள். ஆனால் தூக்குகிற பக்கத்தில் அதைக் கழற்றிவிட வேண்டும். வண்டியின் இரும்புச் சட்டம் மேலே போகப் போக டயர்கள் தொங்கி, நடு இடைவெளி மாறும். தூக்காத பக்கத்தில் அது இருக்கலாம், ஆனால் அது மட்டும் இருந்தால் போதாது.

ஆள் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைப்பீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு ட்ரெய்லர் ஒரு விளையாட்டு வீடு. கதவு திறந்திருந்தால் ஏறிவிடுவார்கள், மேல் பங்க்கில் குதிப்பார்கள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் நான் வேலையைத் தொடங்குவேன். பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடு அறை உள்ளே போயிருக்க வேண்டும். சிலிண்டர் மூடியிருக்க வேண்டும். கரண்ட் ஒயரைக் கழற்றியிருக்க வேண்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம். டெக்சஸ் காற்றுக்கு ட்ரெய்லரின் பக்கச் சுவர் பெரிய பாய்மரம்.

மூலைக்கு ஒன்றாக நாலு ஸ்டெபிலைசர் கால்கள் இருக்குமே, அவற்றைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டிரில் மிஷினைப் பொருத்தி அந்தக் கால்களை இறக்கி, அதாலேயே டயரைத் தரையிலிருந்து எழுப்பிக் காட்டுகிற வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. உள்ளே நடக்கும்போது வண்டி குலுங்காமல் இருப்பதற்காக மூலையில் வைத்த கால்கள் அவை. வண்டியின் பாரத்தைத் தூக்க வைத்தவை அல்ல. மூலையில் தூக்கினால் சட்டம் முறுக்கும். கதவு சரியாகச் சாத்தாமல் போவதும், ஜன்னல் ஓரத்துப் பசை பிளப்பதும் அதன் விளைவுகள். சக்கரத்தைத் தூக்கும் முன் அந்த நாலு கால்களும் முழுக்க மேலே மடங்கியிருக்க வேண்டும். ஒன்று கீழே மறந்துபோயிருந்தால்கூட, எதிர்ப்பக்கம் தூக்கும்போது பாரம் அதில் இறங்கி அதை வளைத்துவிடும்.

சரி, ஜாக்கியை எங்கே வைப்பது?

இணையத்தில் இந்தக் கேள்விக்குச் சண்டையே நடக்கும். இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட் நகரம்தான் இந்த நாட்டு ட்ரெய்லர் தொழிலின் தலைநகர். அங்கே இருக்கும் டெக்ஸ்டர் நிறுவனம் செய்யும் ஆக்ஸில்கள் ஏராளமான ட்ரெய்லர்களுக்கு அடியில் ஓடுகின்றன. அவர்கள் கையேடு தெளிவாகச் சொல்கிறது: ஆக்ஸிலிலோ சஸ்பென்ஷனின் எந்தப் பகுதியிலோ ஜாக்கி வைத்துத் தூக்காதே, அதன்மேல் வண்டியை நிறுத்தாதே. காரணம் இருக்கிறது. ஆக்ஸில் குழாய் உள்ளே கூடு. செய்யும்போதே அதை நடுவில் லேசாக மேல்நோக்கி வளைத்து அனுப்புகிறார்கள், பாரம் ஏறியதும் அது சமமாகி சக்கரங்கள் நேராக நிற்பதற்காக. நடுவில் ஜாக்கி வைத்து அழுத்தினால் அந்த வளைவு கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாது. சில ஆயிரம் மைல் கழித்து டயரின் வெளி ஓரம் மட்டும் மொழுக்கையாகத் தேய்ந்திருக்கும்போதுதான் தெரியும்.

டயர் கடைகளில் லீஃப் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யு போல்ட் தகட்டின் கீழே ஜாக்கி வைத்து ஒற்றைச் சக்கரத்தைத் தூக்குவதைப் பார்க்கலாம். அது சுலபம்தான். ஸ்பிரிங் தொங்காது, இரண்டு அங்குலம் தூக்கினாலே சக்கரம் எழும்பிவிடும். நாள் முழுக்க அதே வேலை செய்கிறவர்கள், தட்டையான சிமெண்ட் தரை, நல்ல ட்ராலி ஜாக்கி, அவர்கள் செய்யட்டும். வீட்டில் செய்யும் நாம் கையேட்டில் சொன்ன இடத்தில் வைப்பதே சரி என்பது என் தீர்மானம். அதாவது வண்டியின் நீளத்துக்கும் ஓடும் ஐ பீம் சட்டம், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தொங்கலுக்குப் பக்கத்தில். சட்டத்தின் கீழ்ப்பட்டை அகலமாக இருக்கும். அதன் ஓரத்தில் வைத்தால் பட்டை மடியும். நடுவில் செங்குத்தாக நிற்கும் தகட்டுக்கு நேர் கீழே ஜாக்கியின் தலை வர வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துணியால் துடையுங்கள், இரும்பும் இரும்பும் சேரும் இடம் வழுக்கக் கூடாது. குனிந்து இன்னொன்றையும் பாருங்கள்: கறுப்பாக ஒரு கேஸ் குழாய் சட்டத்தை ஒட்டி ஓடும். ஜாக்கியின் தலை அதைத் தொடவே கூடாது. ஏர்ஸ்ட்ரீம் போன்ற வண்டிகளில் ஜாக்கிக்கென்றே இடம் குறித்திருப்பார்கள், உங்கள் வண்டியின் கையேட்டை ஒருமுறை புரட்டுங்கள்.

எத்தனை டன் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். ட்ரெய்லரின் இடதுபக்கச் சுவரில், முன்பாதியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மொத்த எடை வரம்பு, ஆக்ஸில் வரம்பு, டயர் அளவு, காற்றழுத்தம் எல்லாம் அதில் உண்டு. தம்பியின் வண்டி 7,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3,175 கிலோ. தலா 3,500 பவுண்டு தாங்கும் இரண்டு ஆக்ஸில். வழக்கமாக எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்குப் பக்கம் பிக்கப்பில் ஏறிவிடும். மிச்சம் 6,000 சொச்சம். ஒரு பக்கத்துக்கு 3,000 பவுண்டு என்று வையுங்கள். சமையலறையும் ஃபிரிட்ஜும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் கூடும். ஆறு டன் பாட்டில் ஜாக்கி 12,000 பவுண்டு தாங்கும். வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது.

தொல்லை எடையில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. சட்டத்தைத் தூக்கும்போது முதலில் சட்டம் மட்டும் மேலே போகும். ஸ்பிரிங் விரிந்து சக்கரம் தரையிலேயே உட்கார்ந்திருக்கும். பம்ப் அடித்துக்கொண்டே இருப்பீர்கள், டயர் அசையாது. பல அங்குலம் போன பிறகுதான் டயர் எழும்பும். குட்டையான ஜாக்கி வாங்கினால் பாதி வழியில் அதன் தண்டு முடிந்துவிடும். அப்போது கையில் கிடைத்ததை எல்லாம் அடியில் அடுக்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. அடியில் கொடுக்க வேண்டியது அகலமான, கனமான மரக்கட்டை, ஜாக்கியின் பாதத்தைவிட இரண்டு மடங்கு அகலம். ஓட்டை வைத்த சிமெண்ட் பிளாக்கைக் கொடுக்கவே கூடாது. சுவரில் பரவலாகப் பாரம் தாங்கும் அதே பிளாக், ஒரு சின்ன இரும்புத் தலை அழுத்தினால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

தரையும் முக்கியம். டெக்சஸ் வெயிலில் மத்தியானத்துத் தார்த்தரை இளகிக் கிடக்கும். தூக்கிய வண்டியைத் தாங்க வைக்கும் ஜாக்கி ஸ்டாண்டின் மெல்லிய பாதம் அதில் இறங்கும். சிமெண்ட் வாசல் நல்லது. தாராக இருந்தால் காலை நேரம், அதுவும் முக்கால் அங்குல பிளைவுட் பலகை போட்டு. சரளைக்கல் கொட்டிய இடத்தில் ட்ராலி ஜாக்கியை நான் தொடவே மாட்டேன், ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு பக்கத்தைத் தூக்கும்போது வண்டி நேராக மேலே போவதில்லை. எதிர்ப்பக்க டயரை அச்சாக வைத்து ஒரு வில் போலச் சாய்ந்து எழும்புகிறது. அதனால் ஜாக்கி தொடும் புள்ளி மெல்லப் பக்கவாட்டில் நகரும். ட்ராலி ஜாக்கிக்குச் சக்கரம் இருப்பதே அதற்காகத்தான், அது அந்த நகர்வோடு உருண்டு சரிக்கட்டிக்கொள்ளும். சரளையில் அந்தச் சக்கரங்கள் புதைந்துவிட்டால் உருளாது. ஜாக்கியின் தலை வழுக்கும். பாட்டில் ஜாக்கிக்குச் சக்கரமே இல்லை. அது அப்படியே சாயும். முதல் சில பம்ப் அடித்ததும் எழுந்து ஐந்து அடி தள்ளி நின்று பாருங்கள். ஜாக்கியின் தண்டு ஐ பீமுக்குச் செங்குத்தாக இருக்கிறதா? இன்னும் கொஞ்சம் அடியுங்கள், திரும்பப் பாருங்கள். சாய்வு தெரிந்தால் இறக்கி, இடம் மாற்றி வைத்துத் திரும்பத் தூக்க வேண்டும். இந்த இறக்கி ஏற்றும் வேலையில் பொறுமை இல்லாதவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம்.

டயர் தரையை விட்டு ஒரு விரல் நுழைகிற அளவு எழும்பினால் போதும். உடனே ஸ்டாண்டு. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. உள்ளே எண்ணெயும் ரப்பர் வாஷரும்தான் அந்தப் பாரத்தைப் பிடித்திருக்கின்றன. வாஷர் கசிந்தால் சத்தமே போடாமல் இறங்கும். ஸ்டாண்டைச் சட்டத்தின் கீழே, ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்து, பல் சரியாகக் கடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, மெதுவாக ஜாக்கியை இறக்கிப் பாரத்தை ஸ்டாண்டின்மேல் உட்கார வைக்க வேண்டும். அதன் பிறகு ஜாக்கியை எடுத்துவிடாமல், தொட்டும் தொடாமலும் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்டாண்டு வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்; எழுதியிருக்கும் டன் கணக்கு பல ஸ்டாண்டுகளில் ஜோடிக்கானது, ஒன்றுக்கானது அல்ல. பழைய ஸ்டாண்டு யாராவது இலவசமாகக் கொடுத்தால் இன்னும் கவனம். ஹார்பர் ஃபிரெய்ட் கடைகளில் விற்ற பிட்ஸ்பர்க் என்ற பெயர் போட்ட 3 டன், 6 டன் ஸ்டாண்டுகள் 2020இல் 17 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. பாரத்தோடு நிற்கும்போது அசைந்தால் பல் விட்டு இறங்கிவிடலாம் என்பது குறை. அவற்றில் எத்தனையோ இன்னும் யார் யார் கராஜ் மூலையிலோ இருக்கும். நம் ஆட்கள் வீடு மாறும்போது சாமானைக் கைமாற்றிக் கொடுப்பது வழக்கம், அதனால்தான் சொல்கிறேன். மாடல் எண்ணைப் பார்த்துவிட்டு உபயோகியுங்கள். துணைக்கு ஒரு பின் செருகும் வசதி உள்ள ஸ்டாண்டாக வாங்கினால் நிம்மதி.

ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு, சக்கரத்தைக் கழற்றும் முன், வண்டியின் பக்கத்தில் கையை வைத்து ஓர் ஆட்டு ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் சக்கரம் இருக்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைப் புல்லில் உருட்டிவிடாமல் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போடுங்கள். எல்லாமே கைவிட்டாலும் அந்த டயரின் உயரம் ஒரு இடைவெளி மிச்சம் வைக்கும். உங்கள் உடம்பு வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம். பேரிங் வேலை முழுக்க வெளியே உட்கார்ந்து செய்கிற வேலைதான்.

ஒன்று விட்டுப்போச்சு. வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும். தூக்கிய பிறகு இறுகிய நட்டோடு மல்லுக்கட்டி இழுத்தால், அந்த இழுப்பு முழுவதும் ஸ்டாண்டுக்குத்தான் போகும்.

வண்டி இப்படி உறுதியாக உட்கார்ந்துவிட்டால் மிச்ச வேலை சுகமானது. கழற்றும் முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள், கரகரவென்ற சத்தம் கேட்கக் கூடாது. டெக்ஸ்டர் கையேடு 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது பேரிங்கைத் திறந்து பார்க்கச் சொல்கிறது. தூசி மூடி, காட்டர் பின், நட், வாஷர், பிறகு வெளிப் பேரிங் கையில் வந்து விழும். மண்ணில் விழாமல் இடது கையைக் கீழே ஏந்திக்கொள்ளுங்கள். பழைய கிரீஸைத் துடைத்து, உருளைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் சூடு கண்டது. சின்னச் சின்னப் பொத்தலோ வரியோ இருந்தால் அது ஓடும் வளையத்தோடு சேர்த்து மாற்ற வேண்டும். நன்றாக இருந்தால் புது கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தால், மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் சின்னச் சின்னப் புழுவாக எட்டிப் பார்க்கும். சுற்றிலும் அப்படி வரும் வரை செய்ய வேண்டும். சீல் மட்டும் எப்போதும் புதிது.

வெளியிலிருந்தே கிரீஸ் கன்னால் அடிக்கும் நிப்பிள் இருக்கிறதே, எதற்குக் கழற்ற வேண்டும் என்று தம்பி கேட்டார். சக்கரத்தைச் சுற்றாமல் வேகமாக அடித்தால் உள் சீல் பிதுங்கி, கிரீஸ் பிரேக் ஷூவில் பூசிக்கொள்ளும். கிரீஸ் குடித்த ஷூவை மாற்றித்தான் ஆக வேண்டும். பேரிங் எப்படி இருக்கிறது என்று அந்த நிப்பிள் நமக்குச் சொல்லவும் சொல்லாது.

நட்டைத் திரும்ப மாட்டும்போது ஹப்பை, அதாவது பேரிங்குகள் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதியைச் சுற்றிக்கொண்டே 50 அடி-பவுண்டு வரை இறுக்கி, பிறகு ஹப்பைச் சுற்றாமல் நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்த வேண்டும். காட்டர் பின் ஓட்டை நேர் வராவிட்டால், தளர்த்தும் பக்கமாகத் திருப்பி நேராக்குங்கள், இறுக்கும் பக்கம் வேண்டாம். சக்கரம் கழன்றிருக்கும்போதே டயரின் உள்பக்கச் சுவரையும் பாருங்கள். டாட் எண்ணின் கடைசி நாலு இலக்கம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் ஒளிந்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம்.

வீல் நட்டை இறுக்க டார்க் ரெஞ்ச் கட்டாயம். அரை அங்குல போல்ட்டுக்கு மூன்று கட்டம்: முதலில் 20 முதல் 25 அடி-பவுண்டு, அடுத்து 50 முதல் 60, கடைசியில் 90 முதல் 120. ஒன்றுவிட்டு ஒன்று, நட்சத்திரம் போடுகிற வரிசையில். கடைசிக் கட்டத்தைச் சக்கரம் தரையில் இறங்கிய பிறகு செய்யுங்கள். ஓட ஆரம்பித்த பிறகு 10ஆவது, 25ஆவது, 50ஆவது மைலில் நிறுத்தித் திரும்ப இறுக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்படி நிறுத்தும் முதல் இடத்திலேயே தொடாமலே சூடு பார்க்கும் வெப்பமானி ஒன்றை ஒவ்வொரு ஹப்புக்கும் நேராகக் காட்டுங்கள். வெயில் படும் பக்கம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். நாலில் ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அங்கே பிரேக்கோ பேரிங்கோ உரசுகிறது.

மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் இதுவரை படித்துவிட்டு, எங்கள் வண்டியில் பார்க்கிங் பிரேக் உண்டே என்று நினைத்தால், உங்களுக்குத்தான் நான் இன்னும் பயப்படுகிறேன். பெட்ரோலில் ஓடும் பெரிய மோட்டார்ஹோம்களுக்கு அடித்தளமான ஃபோர்டு எஃப்-53இல் பார்க்கிங் பிரேக் சக்கரத்தில் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் டிரைவ் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின்சக்கரங்களில் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டால் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தை எதிர்த்திசையில் சும்மா சுற்றவிடும். தரையில் இருக்கும் பக்கம் உருளும். பிரேக் இழுத்தபடியே இருக்கும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். கியரைப் பார்க்கில் போட்டிருந்தாலும் கதை அதேதான், அதுவும் பிடிப்பது ஷாஃப்டைத்தான். டீசல் வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்திலேயே பிடிக்கும்; ஆனால் சமன் செய்யும் ஹைட்ராலிக் கால்களால் பின்பக்கத்தையே தரையிலிருந்து தூக்கிவிட்டால், தரையைத் தொடும் முன்சக்கரங்களுக்கு எந்தப் பிடியும் இல்லை. அந்தக் கால்களை வைத்து டயர் மாற்றாதே, அடியில் போகாதே என்று அதைச் செய்கிறவர்களே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். காற்றுப் பை சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் காற்று இறங்கினால் அடிப்பாகம் தரையை நெருங்கும். ஆள் நுழைந்த இடைவெளி இல்லாமல் போய்விடும். இவ்வளவு கனமான வண்டிகளின் சக்கர வேலையை லாரி டயர் கடையில் கொடுத்துவிடுவதுதான் நல்லது. காசு பார்க்க வேண்டிய இடம் இது இல்லை.

கடைசியாக, ரோட்டில் பஞ்சரானால். இரட்டை ஆக்ஸில் ட்ரெய்லராக இருந்தால் ஜாக்கியே இல்லாமல் ஒரு வழி உண்டு. நல்ல டயருக்கு முன்னால் ட்ரெய்லருக்கென்றே விற்கிற சரிவுக் கட்டையை வைத்து, பிக்கப்பால் மெல்ல இழுத்து அதன்மேல் ஏற்றினால், பஞ்சரான சக்கரம் தானே எழும்பும். பாரம் வண்டியின் சொந்த டயரின் மேலேயே நிற்கிறது, ஹைட்ராலிக் எதுவும் இடையில் இல்லை. நட்டைத் தளர்த்திவிட்டு ஏற்றுங்கள், மறுபக்க டயர்களுக்குக் கட்டை கொடுங்கள், ஸ்டெப்னியை மாட்டுங்கள். வலதுபக்கச் சக்கரம், அகலமான ஓரம், சமதளம்: மூன்றும் இருந்தால் செய்யலாம். போக்குவரத்துப் பக்கத்துச் சக்கரம் என்றால் செய்யவே வேண்டாம். மெதுவாக ஊர்ந்து அடுத்த வெளிவழி வரை போய்விடுங்கள். ரிம் வீணானால் வேறு ரிம் வாங்கிக்கொள்ளலாம். நகரவே முடியாத நிலை என்றால் குடும்பத்தோடு இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். டெக்சஸ் டிரைவிங் லைசென்ஸின் பின்பக்கத்திலேயே ரோட்டோர உதவிக்கான இலவச எண் அச்சிட்டிருக்கிறார்கள். கிளம்பும் முன் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிக் பெண்ட் பக்கம் சிக்னல் எப்போதும் கிடைக்காது என்பதால் அதற்கு முன்னால் வரும் ஊரிலேயே ஹப் சூட்டையும் நட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.